பின்வாசலுக்கும் ஒரு வரி

போன வெள்ளிக்கிழமை மதியம். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. போனில் ஒரு மெசேஜ். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். என் சேமிப்புக் கணக்கில் நூற்று எண்பது ரூபாய் வரவு!

“வந்துருச்சு!” என்று நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“அந்த நூத்தி எம்பதா? அதை இன்னுமா நீ விடலை?”

விடுவேனா? அந்தப் பணம் எங்கெங்கே சுற்றிவிட்டு வந்தது தெரியுமா? கேட்டால் நீங்களும் என்னோடு சேர்ந்து குதிப்பீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் குடியிருப்பது புதுக்கோட்டை டவுனில். நான் வாழ்க்கைப்பட்ட ஊர் திருமயம் பக்கம். அங்கே எங்களுக்கு ஒரு பொதுவீடு இருக்கிறது. பங்காளிகள் எல்லோருக்கும் சொந்தம், ஆனால் யாரும் குடியில்லை. சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு என்று ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். அதனால் வருஷத்துக்கு ஒரு பங்காளி வீட்டைப் பார்த்துக்கொள்வது என்று முறை வைத்திருக்கிறோம். முறைக்காரர் கையில் சாவிக்கொத்தும் பொதுப்பணமும் இருக்கும். ஓடு மாற்றுவது, கரையானுக்கு மருந்தடிப்பது, கரண்ட் பில், வீட்டு வரி எல்லாம் அவர் தலையில். வருஷம் ஒரு நாள் படைப்பு வரும். முன்னோர்களுக்கு வேட்டி சேலை வைத்துக் கும்பிட எல்லோரும் கூடுவோம். அன்றைக்கு முறைக்காரர் கணக்கை வாசித்து, மிச்சப் பணத்தையும் சாவியையும் அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இந்த முறை எங்களுக்கு வந்தது. என் வீட்டுக்காரரோ கணக்கு என்றாலே காத தூரம் ஓடுகிறவர். போன படைப்பில் எல்லோருக்கும் முன்னால், “கணக்கையெல்லாம் என் பொண்டாட்டி பாத்துக்குவா” என்று சொல்லிவிட்டார்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பொதுவீட்டுக் கணக்கு அதுவரை எந்த மருமகள் கைக்கும் வந்ததில்லை.

பங்காளிகளில் மூத்தவர் சாத்தப்பண்ணன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டினார். “சரி... ஒரு வருசம் பாப்போம். சரிப்பட்டு வரலைன்னா பழையபடி ஆம்பளைங்களே பாத்துக்கட்டும்.”

எனக்குச் சுருக்கென்றது. பரீட்சை எழுதப் போவது நான் ஒருத்தி. ஆனால் நான் ஃபெயிலானால் அந்த வீட்டு மருமகள்கள் அத்தனை பேரும் ஃபெயில்! இது என்ன நியாயம்? ஆனாலும் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று, வீட்டு வரி கட்டும் வரை.

எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். நடுவில் வீடு நீளமாகப் படுத்துக் கிடக்கும். ஊராட்சி வரி கட்டுகிற சைட்டில் வீட்டுக்காரரின் தாத்தா பெயரைப் போட்டுத் தேடினேன். இரண்டு கதவு எண் வந்தது, முன்தெருவில் ஒன்று, பின்தெருவில் ஒன்று. என் முறையில் ஒரு ரூபாய் பாக்கி இருக்கலாமா? இரண்டுக்கும் சேர்த்து என் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு, பிறகு பொதுப்பணத்தை எடுத்துக் கார்டு பில்லை அடைத்தேன். நேராகக் கட்டாமல் ஏன் கார்டில் கட்டினேன்? பாயிண்ட் வருமே! இதை மட்டும் சாத்தப்பண்ணனிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

ரசீது இரண்டையும் பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கொஞ்சம் பெருமையாகத்தான் போட்டேன். அடுத்த நிமிஷமே சாத்தப்பண்ணன் வாய்ஸ் மெசேஜ். “ஒரே வீட்டுக்கு ரெண்டு வரியா? பின்வாசலுக்குன்னு தனியா எவனாவது வரி கட்டுவானா?”

அதற்குக் கீழே ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார். இன்னொருவர் போட்டார். என் சொந்தக் கொழுந்தனாரும் போட்டார்!

விஷயம் இதுதான். தெருத் தெருவாக எண் போட்டுக்கொண்டு வந்தவர்கள், இந்தத் தெருவில் ஒரு கதவு, அந்தத் தெருவில் ஒரு கதவு என்று பார்த்து இரண்டு வீடாக்கிவிட்டார்கள். இதுவரை முறைக்காரர்கள் முன்தெரு எண்ணுக்கு மட்டும் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான்தான் ஒழுங்காகத் தேடிப் பார்த்து மாட்டிக்கொண்டேன்.

ஊராட்சிச் செயலரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷர். எங்கள் பக்கத்து வழக்கப்படி என்னை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

“ரெண்டு தெரு, ரெண்டு கதவு, ரெண்டு நம்பரு. அப்ப ரெண்டு வீடுதானே ஆச்சி?”

“நீங்க ஒருக்கா வந்து பாத்துட்டுச் சொல்லுங்க.”

மறுநாள் வந்தார். முன்வாசல் வழியாக அழைத்துப் போனேன். முகப்பு, நடுவில் முற்றம் வைத்த வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்கட்டு என்று நடக்கிறோம், நடக்கிறோம்... பின்வாசலைத் திறந்து அடுத்த தெருவில் இறங்கினோம். செயலர் நிமிர்ந்து நிலைக்கு மேலே இருந்த எண்ணைப் பார்த்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“அங்கிட்டு நொழைஞ்சு இங்கிட்டு வந்துட்டோம். வீடு ஒண்ணுதான் ஆச்சி. ஆனா பஸ்ஸு விட்டா உள்ள ரெண்டு ஸ்டாப் போடலாம் போலயே!”

பின்தெரு எண் ரத்தானது. கூடுதலாகக் கட்டிய வரி திரும்ப வந்துவிடும் என்றார்கள். நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

வந்த இடத்தில் இன்னொரு வேலை செய்தேன். கார்டுக்கு வருஷக் கட்டணம் ஆயிரம் ரூபாய், அதற்கு வரி நூற்று எண்பது என்று ஒரு பில் வந்திருந்தது. இலவசக் கார்டு என்று சொல்லித்தானே தலையில் கட்டினார்கள்? போனில் ஒரு பிடி பிடித்தேன். கட்டணத்தை ரத்து செய்துவிட்டோம் என்றார்கள். எனக்குக் கோபம் அடங்கவில்லை. “எனக்கு உங்க சங்காத்தமே வேண்டாம், கார்டை மூடுங்க” என்றேன். மூடிவிட்டோம் என்று மெசேஜ் வந்தது. கார்டை நாலு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். சுபம்!

சுபமா? கொஞ்ச நாள் கழித்துச் செயலர் கூப்பிட்டார்.

“பணம் அனுப்பியாச்சு ஆச்சி.”

“எங்க அனுப்புனீங்க? என் கணக்குக்கு வரலையே?”

“அது எந்த வழியா வந்துச்சோ அந்த வழியாவேதான் திரும்பிப் போகும். கார்டுக்குப் போயிருக்கும்.”

எந்தக் கார்டுக்கு? நாலு துண்டாகக் குப்பை வண்டியில் ஏறிப் போனதே, அதற்கு! படைப்புக்கு இன்னும் அதிக நாள் இல்லை. பொதுப்பணம் நடு ஆகாயத்தில் நிற்கிறது. சாத்தப்பண்ணன் கண்ணாடி துடைப்பது என் கண்ணுக்குள்ளேயே வந்து போனது.

கார்டு கம்பெனிக்குப் போன் போட்டேன். கார்டு எண்ணை அழுத்தச் சொன்னது ஒரு இயந்திரக் குரல். அழுத்தினேன். தவறான எண் என்றது. அதிகாரியிடம் பேச வேண்டுமா, கார்டு எண்ணை அழுத்து என்றது. அழுத்தினால் மறுபடியும் தவறான எண். கார்டு இருந்தால்தான் நான் அவர்களுக்கு மனுஷி. கார்டு போன பிறகு நான் யாரோ! ஆனால் என் பணம் மட்டும் உள்ளே போகுமாம், அதற்கு எந்தத் தடையும் கிடையாதாம்.

எத்தனை தடவை அழுத்தினேன் என்று கேட்காதீர்கள். வெறுத்துப்போய் வைக்கப் போகும்போதுதான் அந்தக் குரல் தேனாக ஒன்று சொன்னது... புதிய கார்டு வேண்டுமா? எண் இரண்டை அழுத்தவும்.

அழுத்தினேன். ஒரே ரிங். “குட் மார்னிங் மேடம்!” என்று ஒரு பெண் குரல் துள்ளிக்கொண்டு வந்தது. கேட்டீர்களா கதையை? கொடுக்க வேண்டிய இடத்தில் ஆள் இல்லை, வாங்குகிற இடத்தில் ஆள் காத்துக்கொண்டிருக்கிறது.

“புதுக் கார்டு கெடக்கட்டும்மா. உங்க பழைய கார்டுக்குள்ள எங்க பங்காளிங்க பணம் மாட்டிக்கிட்டு இருக்கு” என்று முழுக் கதையையும் சொன்னேன்.

“மேடம், அது வேற டிபார்ட்மெண்ட்...”

“தெரியும்மா. முன்வாசல் பூட்டிக் கெடக்கு. அதான் பின்வாசல் வழியா வந்துருக்கேன். நீ அந்தக் கதவை மட்டும் தொறந்துவிடு.”

சிரித்துவிட்டாள். திறந்தும் விட்டாள், மகராசி! உள்ளே இருந்த அதிகாரி ஊராட்சிப் பணம் வந்ததற்கான எண்ணைக் கேட்டார். செயலரிடம் வாங்கிக் கொடுத்தேன். ஆதார் கேட்டார்கள், பாஸ்புக் முதல் பக்கம் கேட்டார்கள், கையெழுத்துக் கேட்டார்கள். எல்லாம் கொடுத்தேன். ஒரு வழியாகப் பணம் என் சேமிப்புக் கணக்குக்கு வந்தது, நூற்று எண்பது ரூபாய் குறைவாக.

“விடு உமையா, அதை நான் போட்டுடுறேன்” என்றார் வீட்டுக்காரர். பாக்கெட்டில் கையை விட்டே விட்டார்.

“கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டுனா அதுக்குப் பேரு கணக்கா? நாளைக்கு ஒருத்தரு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?”

மறுநாள் டவுனில் இருக்கிற, கார்டு கொடுத்த பேங்க்கின் பிராஞ்சுக்கே போனேன். கவுண்டரில் ஒரு இளம் பெண் அதிகாரி. கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

“ஆனுவல் ஃபீஸுக்கு உண்டான ஜிஎஸ்டி மேடம். வந்த பணத்துல சிஸ்டமே எடுத்துக்கிருச்சு.”

“ஃபீஸ்தான் ரத்தாயிருச்சே?”

“ஃபீஸ் ரத்தாயிருச்சு மேடம். ஜிஎஸ்டி ரத்தாகலை.”

கட்டணம் கிடையாதாம், அந்தக் கட்டணத்துக்கு வரி மட்டும் உண்டாம்! மெதுவாகக் கேட்டேன்.

“உங்களுக்கு எந்த ஊரும்மா?”

“ஆலங்குடிப் பக்கம் மேடம்.”

“நல்லதாப் போச்சு, மொய் விருந்துக்குப் பேர்போன ஊரு. மொய்யைப் பத்தி ஒனக்கு நான் சொல்லிக் குடுக்க வேண்டியதில்லை. நின்னுபோன கல்யாணத்துக்கு வந்து ஒருத்தன் மொய் கேட்டா, உங்க ஊருல குடுப்பீங்களா?”

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெரியவர், “வெரட்டிவிட்ருவோம்!” என்றார். வரிசையே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, என் கண் முன்னாலேயே தலைமை அலுவலகத்துக்கு மெயில் அடித்தார். அடித்துவிட்டு, “நீங்க சொல்றதுதான் கரெக்ட் மேடம். வந்துரும்” என்றார்.

வந்துவிட்டது. அதுதான் வெள்ளிக்கிழமை நான் போட்ட சத்தம். நாம் சின்னத் தொகைக்கு அலைய வெட்கப்படுகிறோம் பாருங்கள், அந்த வெட்கத்தை நம்பித்தான் பல பேர் கல்லா கட்டுகிறார்கள். எனக்கு வெட்கமாவது ஒன்றாவது!

ஞாயிற்றுக்கிழமை படைப்பு. சாமி கும்பிட்டு, சாப்பிட்டு, வளவில் எல்லோரும் உட்கார்ந்தோம். நான் நின்றுகொண்டே கணக்கு வாசித்தேன். முதல் இரண்டு வரிக்குக் குரல் மெதுவாகத்தான் வந்தது. அப்புறம் கணீரென்று வந்துவிட்டது.

முடித்ததும் சாத்தப்பண்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்தப் பின்வாசல் வரி?”

“முழுசா வந்துருச்சுண்ணே. பேங்க்காரன் புடிச்ச நூத்தி எம்பதும் வந்துருச்சு.”

“நூத்தி எம்பதையுமா வாங்குனீங்க?”

போனை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், தள்ளிப் பிடித்தும் பார்த்தார். “நாங்களா இருந்தா போனாப் போகுதுன்னு விட்ருப்போம்” என்றார். அவர் வாயால்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே எழுந்து ஒரு ஆட்டம் போடலாமா என்றும் இருந்தது.

அடுத்த முறை அவர் மகன் வயிரவனுக்கு. பெங்களூருவில் பெரிய வேலை. சாவிக்கொத்தை வாங்கக் கையை நீட்டினான்.

“நீ கையை எடுப்பா” என்றார் சாத்தப்பண்ணன். பெண்கள் பக்கம் திரும்பித் தன் மருமகளைப் பார்த்தார். “தெய்வானை, நீ வந்து வாங்கிக்க ஆத்தா.”

பெண்கள் பக்கம் எழுந்த சத்தத்தில் வளவுக்குள் இருந்த புறாக்கள் பறந்தன. வயிரவனுக்கும் ஒன்றும் வருத்தமில்லை, தப்பித்தோம் என்ற சந்தோஷம் முகத்திலேயே தெரிந்தது.

தெய்வானை சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு என் காதருகே குனிந்தாள். “ஆச்சி, வீட்டு வரியைக் கார்டுல கட்டுனா பாயிண்ட் வருமாமே, கட்டலாமா?”

“தாராளமாக் கட்டு ஆத்தா. ஆனா அடுத்த படைப்பு முடியிற வரைக்கும், எவன்கூடச் சண்டை வந்தாலும் கார்டை மட்டும் மூடிராதே!”