சகலனின் கல்லுக்காணி

மண்வெட்டி கல்லில் பட்ட சத்தம் கேட்டு நான் திரும்பிப் பார்த்தேன். என் சகலன், அதாவது மனைவியின் அக்காவைக் கட்டியவர், சரிவின் நடுவில் நின்று தன் உள்ளங்கையை உதறிக்கொண்டிருந்தார். கை விறைத்துப்போயிருக்க வேண்டும். சற்றுத் தள்ளிப்போய் இன்னோர் இடத்தில் வெட்டினார். அங்கேயும் கல். "தம்பி, இஞ்சை மண் எண்டு ஒண்டு இருக்கோ?" என்று மேலிருந்து கத்தினார். கீழே, கடலோரமாக, மண்வெட்டி முழுதாக இறங்கும் என் காணியில் நின்று நான் சிரித்தேன். அவரைப் பார்த்து நான் இரக்கப்பட்ட நாள்கள் நெடுங்காலம் நீடிக்கவில்லை.

ஒஸ்லோவிலிருந்து திராமன் போகும் பெருந்தெருவை விட்டுக் கடல்பக்கமாகத் திரும்பினால், மலைகளுக்கிடையே நிலத்துக்குள் புகுந்த கடலான ஃபியோர்டு ஒரு முழங்கையைப்போல வளையும் இடத்தில் அந்தக் காணி இருக்கிறது. பழைய தோட்டமொன்றைப் பிரித்து விற்றபோது இரண்டு குடும்பமுமாகச் சேர்ந்து வாங்கினோம். நோர்வேக்காரர் ஹித்த என்று சொல்லும் சிறிய மரக்குடில் ஒன்றும் அதில் இருந்தது. குடில் பொது. காணியை மட்டும் இரண்டாகப் பிரித்துக்கொள்வதென்று பேச்சு. சகலன் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுபவர். அங்கேயே ஹவுகன்ஸ்டுவாவில் அடுக்குமாடி வீடு. அவருக்கு வேண்டியிருந்தது லீவு நாளில் தூண்டில் போட ஒரு கரை, அவ்வளவுதான். எனக்கோ அந்தக் காணி வேறு விதமாகத் தெரிந்தது. நான் துறைமுகப் பக்கத்து உணவகமொன்றில் வைன் பரிமாறுபவன். வெறுமனே ஊற்றுகிறவன் அல்ல. அதற்கென்றே படித்துச் சோதனை எழுதித் தேறியவன். இது எந்தக் கரையில் விளைந்தது, அங்கே சுண்ணாம்புக் கல்லா மணலா, கடற்காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று மேசைக்கு மேசை சொல்லிக்கொண்டு திரிவது என் தொழில். சின்னத் தோட்டங்களின் வைன்கள்தான் எனக்கு எப்போதும் பிடித்தவை. அவற்றில் இடம் மறைவதில்லை என்பேன். என்றாவது ஒருநாள் நானும் அப்படியொரு தோட்டம் வைக்க வேண்டும் என்பது எனக்குள் வெகுகாலமாகக் கிடந்த ஆசை.

"நீ விசயம் தெரிஞ்சவன். முதல் நீ எடு" என்றார் சகலன். நான் கீழ்ப்பகுதியை எடுத்தேன். அதற்குக் காரணங்கள் இருந்தன. மேலே சரிவில் மண் மெல்லியது. பனிக்காலத்தில் குளிர் நேரே வேருக்குப் போய்விடும், கோடையில் ஒரு மாதம் மழை பெய்யாவிட்டால் கொடி காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கீழே ஆழமான மண், பக்கத்தில் தண்ணீர், நிரை போட வசதியான சமதரை. நாங்கள் காணி பார்த்தது ஆனி மாதத்து மத்தியானம். அந்த நேரத்தில் நோர்வேயில் வெயில் படாத இடமே கிடையாது. புரட்டாதியில் மூன்று மணிக்கே மேற்குப்பக்கத்து ஊசியிலைக் காட்டின் நிழல் என் காணியை மூடிவிடும் என்பதை அந்த வெளிச்சத்தில் யார் நினைப்பார்கள்?

சீக்கிரம் பழுக்கும் சொலாரிஸ் என்ற வெள்ளைத் திராட்சைக் கன்றுகளை எடுப்பித்து நட்டேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் திராட்சையை முந்திரிகை என்போம். உணவகச் சமையலறையில் வேலைசெய்யும் தமிழ்நாட்டுப் பையனிடம் முந்திரிகை நட்டிருக்கிறேன் என்று சொன்னபோது, "நார்வேல முந்திரியா? அது மரத்துல காய்க்கிறதாச்சேண்ணா!" என்று வாயைப் பிளந்தான். அவனுக்கு விளக்கிச் சொல்லி முடிக்க ஒரு இடைவேளை முழுக்கப் போயிற்று. நிரைகள் நிறைந்த பிறகு கொஞ்சக் கன்றுகள் மிஞ்சின. எறிய மனமில்லாமல் சகலனிடம் கொடுத்தேன். அவர் கடப்பாரையால் கல்லிடுக்குகளைக் கிண்டி, வாளியால் மண் சுமந்து நிரப்பி, அவற்றைச் செருகிவைத்தார். "பிழைச்சால் பிழைக்கட்டும்" என்றார். அந்த மிச்சக் கன்றுகளில்தான் எல்லாம் தொடங்கியது.

என் கொடிகள் வளர்ந்த வளர்ச்சியைப் பார்த்து ஊரே மூக்கில் விரலை வைத்தது. இலைகள் சாப்பாட்டுத் தட்டளவு. வெட்ட வெட்டத் துளிர்த்தன. சகலனின் கொடிகள் இடுப்பளவில் நின்று யோசித்துக்கொண்டிருந்தன. சில கோடைகள் கழித்துக் குலைகள் வந்தபோதும் என்னுடையவை பெரியவை, அவருடையவை கைக்குள் அடங்குபவை. இரண்டு பக்கத்துப் பழத்தையும் நான்தான் வைன் ஆக்கினேன். சகலனுக்கு அதில் எதுவும் தெரியாது. மதுவை அவர் வாயில் வைத்ததே இல்லை. ஒரே மாதிரியான உருக்குப் பாத்திரங்கள், ஒரே ஈஸ்ட், ஒரே குளிர், ஒரே கை. வேறுபாடு மண்ணில் மட்டும்தான். பாடப்புத்தகத்துக்காகச் செய்து பார்த்ததுபோல அமைந்துவிட்டது.

அடுத்த வசந்தத்தில் முதலில் என்னுடையதைச் சுவைத்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. பச்சை ஆப்பிள், கொஞ்சம் வெட்டிய புல், பிறகு தண்ணீர். அதன்பின் சகலனுடையதை வாயில் வைத்தேன். எலுமிச்சைத் தோலும் ஈரக் கல்லும் வந்தன; விழுங்கிய பிறகும் நாக்கின் ஓரத்தில் உப்புக் காற்றைப்போல ஒன்று தங்கிநின்றது. நான் கிளாஸை வைத்துவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் வாழ்நாளெல்லாம் தேடிப்போகும் சுவை அது. கரையில் சகலன் தூண்டிலில் புழுக் கோத்துக்கொண்டிருந்தார்.

பொறாமையை நான் அதற்கு முன்பும் அறிந்திருக்கிறேன். யாருடைய பதவியோ, யாருடைய வீடோ பார்த்து வரும், சில நாளில் ஆறிப்போகும். இது ஆறவில்லை. காரணம் எனக்கு அக்குவேறு ஆணிவேறாக விளங்கியிருந்ததுதான். அந்தச் சரிவு தென்மேற்கைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. இந்த நாட்டுத் தாழ்ந்த சூரியன் அதன்மேல் செங்குத்தாக விழுகிறது. தகடு தகடாக உடையும் அந்தச் சாம்பல் கல் பகல் முழுக்கச் சூட்டை வாங்கிவைத்து, இருண்ட பிறகு கொடிக்குக் கொடுக்கிறது. கோடை முழுவதும் சூடேறிய ஃபியோர்டுத் தண்ணீர் இலையுதிர்காலத்திலும் சட்டென்று ஆறுவதில்லை. அந்த இளஞ்சூடு சரிவில் ஏறுகிறது. கல்லிடுக்கில் தண்ணீர் தேங்காததால் கொடி இலையை விட்டுப் பழத்தைக் கவனிக்கிறது. என்னுடையதோ ஒருகாலத்தில் கடலடியாக இருந்த களிமண். வசந்தத்தில் கடைசியாகத்தான் சூடேறும், மழையை ஸ்பொஞ்சுபோல உறிஞ்சி வைத்திருக்கும். சரிவிலிருந்து வழியும் குளிர்காற்று கடைசியில் வந்து படுப்பதும் என் நிரைகளுக்குள்தான். இதையெல்லாம் வேறு தேசங்களின் பெயர்களோடு நான் எத்தனையோ மேசைகளில் சொல்லியிருக்கிறேன். தெரியாதவனாக இருந்திருந்தால் இரண்டும் வைன்தானே என்று விட்டிருப்பேன். எங்கள் குடும்பத்தில் அந்த வைன் எவ்வளவு நல்லதென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதுதான் வதைத்தது.

உணவகத்தின் தலைமைச் சமையற்காரி ஒரு நோர்வேப் பெண். வேலை தொடங்குமுன் அவளுக்கு இரண்டையும் பெயர் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தேன். முதல் கிளாஸை மணந்து பார்த்துவிட்டு மரியாதைக்குத் தலையாட்டினாள். இரண்டாவதைக் குடித்துவிட்டு, கிளாஸைத் திருப்பி என்னிடம் தரவில்லை. இது எங்கே விளைந்தது, நான் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நான் கொடி கட்டி, புல் வெட்டி, கோடு போட்டதுபோல வைத்திருந்த நிரைகளைக் கடந்து நேரே சரிவில் ஏறினாள். ஒரு கல்லின்மேல் உள்ளங்கையை வைத்து, கன்னத்தையும் வைத்துப் பார்த்தாள். பிறகு சகலனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எப்படி இந்த இடத்தைக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள்.

"நான் எங்கை கண்டுபிடிச்சது? நீ வேண்டாம் எண்டு விட்டது" என்று தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு, அவளுக்கு நோர்வே மொழியில், "மிஞ்சினது எனக்கு வந்தது" என்றார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாகத்தான் நினைவு.

அதன்பிறகு நான் அவரோடு பேசுவது குறைந்தது. சண்டை ஒன்றும் இல்லை. அவர் குடிலுக்கு வரும் வார இறுதியில் எனக்கு வேலை இருக்கும். அவரிடமிருந்து ஃபோன் வந்தால் மனைவியிடம் கொடுத்துவிடுவேன். ஹவுகன்ஸ்டுவாவில் அவர்கள் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போய், சாப்பிட்டவுடன் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ரயிலில் மனைவி கேட்டாள்: "இஞ்சாருங்கோ, அத்தானோடை உங்களுக்கு என்ன?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாமலே அந்தாள் கதைக்கக் கதைக்க ஜன்னலைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்?"

அவளிடம் என்ன சொல்வது? உன் அத்தானின் காணியில் கல் இருக்கிறது, என் காணியில் இல்லை என்றா?

மூன்றாவது அறுவடைக்குச் சற்று முன்பு சகலன் சரிவில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். பறவை வலையைச் சரிசெய்யப் போனவர். வைத்தியசாலையிலிருந்து அவரே பேசினார். அந்த முறை நான் ஃபோனை யாரிடமும் கொடுக்கவில்லை. "தம்பி, மேலை எல்லாம் உன்ரை பொறுப்பு. எப்ப வெட்டுறது எண்டு நீயே பார். எனக்கு ஒண்டும் தெரியாது" என்றார். வலியோடு பேசிய குரல். நான் ஓம் என்றேன்.

அந்த ஆண்டு மழை விடவில்லை. என் குலைகளில் சாம்பல் பூஞ்சணம் பிடித்து, தொட்டால் விரலில் ஒட்டியது. பாதிக்கு மேல் வெட்டி எறிந்தேன். மேலே ஏறிப்போனால் சகலனின் பழங்கள் காற்றில் காய்ந்து, தோல் இறுகி, பொன்னிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. ஆனால் புளிப்பு இன்னும் இறங்கவில்லை. இன்னும் சில நாள் வெயில் கிடைத்தால் அருமையாக வரும். கிடைக்காமல் மழை கொட்டினால் இதுவும் போகும். அன்றைக்கே வெட்டியிருந்தால் யாரும் எதுவும் சொல்லியிருக்கமாட்டார்கள். வைனும் என்னுடையதைப்போல ஒரு சாதாரண வைனாக முடிந்திருக்கும். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அந்தச் சரிவில் இருந்தேன். வெயில் காட்டுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கீழே என் நிரைகளுக்குள் பனிப்புகார் படியத் தொடங்கியிருந்தது. எனக்குப் பின்னால் இருந்த கல் மட்டும், அடுப்பிலிருந்து இறக்கிவைத்த தோசைக்கல்லைப்போல, முதுகைச் சுட்டுக்கொண்டிருந்தது. வெட்டாமல் இறங்கி வந்தேன்.

வெயில் வந்தது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளோடும் சேர்ந்து குலைகளை வெட்டினோம். ஊன்றுகோலோடு குடில் வாசலில் உட்கார்ந்து சகலன் எல்லாருக்கும் கத்திக் கத்தி வழி சொன்னார், சொன்னதெல்லாம் பிழை.

அந்த வைனைப் போன சித்திரையில் போத்தலிலிருந்து முதன்முதலாக ஊற்றினேன். குடிலின் முன்னால் மேசை போட்டு மீன் பொரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மனைவியின் அக்கா, "இவ்வளவு ஆக்களும் புகழினம். இஞ்சாருங்கோ, உங்கடை சாமானை ஒருக்கா வாயிலை வைச்சுத்தான் பாருங்கோவன்" என்று சகலனைச் சீண்டினாள். அவர் கிளாஸை எடுத்தார். ஒரு மிடறு குடித்தார். முகம் சுளித்துக் கண்களை இறுக்கி மூடினார்.

"சீனி எங்கை?"

கோப்பிக்கு வைத்திருந்த சீனியில் ஒரு கரண்டி அள்ளிப் போட்டு, டொக் டொக்கென்று கலக்கி, மறுபடி குடித்தார். பெண்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சகலன் சிரிக்கவில்லை. கிளாஸை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"இதுக்கோ தம்பி, இவ்வளவு காலமும் என்னோடை முகம் குடுத்துக் கதைக்காமல் இருந்தனி?"

அவருக்குத் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கையை நீட்டி அவருடைய கிளாஸை எடுத்து, மிச்சத்தைக் குடித்தேன். சீனி பல்லில் கரகரத்தது. அது கரைந்து போன பிறகும் எலுமிச்சைத் தோல் இருந்தது, ஈரக் கல் இருந்தது, நாக்கின் ஓரத்தில் அந்த உப்பு இருந்தது. நெஞ்சுக்குள் பழைய எரிச்சல் மறுபடி ஒருமுறை எழும்பியது.

"ஓம் அண்ணை" என்றேன். "இதுக்குத்தான்."