சின்ன ர, பெரிய ற, நடுவில் நான்

மட்டுறுத்துநர் வேலைக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, வசவு மட்டும் வேளை தவறாமல் வரும். வாட்ஸப் குரூப்புக்கு அட்மினாக இருந்து அவதிப்படுகிறவர்களே, அபார்ட்மென்ட் கமிட்டியில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். மற்றவர்களுக்குச் சொல்லிப் பிரயோஜனமில்லை.

எங்கள் இணையக் குழுவின் பெயர் 'மைசூர் மாத்துக்கதை'. மாத்துக்கதை என்றால் கன்னடத்தில் பேச்சு. மைசூரில் இருக்கும் தமிழர்கள் தமிழில் எழுதிப் பேசிக்கொள்ள ஓர் இடம், அவ்வளவுதான். எனக்குப் பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ், மற்ற நேரமெல்லாம் இங்கே பஞ்சாயத்து. வருடக் கடைசியில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த வருடம் தனக்கு உதவிய இன்னொரு உறுப்பினருக்கு ஒவ்வொருவரும் பெயர் சொல்லி நன்றி எழுத வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வருடம் அது என் உயிரை வாங்கிவிட்டது.

எலும்போடு அரை கிலோ

என் பெயருக்குக் கீழே 'மட்டுறுத்துநர்' என்று போட்டிருக்கும். மாடரேட்டருக்குத் தமிழ். எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் கன்னடப் பள்ளியில் படித்தவர்கள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். வாசித்து முடிக்கும்வரை எல்லோருக்கும் பொறுமை இருப்பதில்லை.

ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டு சத்தியநாராயண பூஜையில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. கையில் குங்குமம் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். புதிதாகச் சேர்ந்த உறுப்பினராம், பேர் சொல்லி, வணக்கம் சொல்லி, மிகவும் மரியாதையாகக் கேட்டார். கூடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

"மேடம், மட்டன் உறுத்துநர்னு போட்டிருக்கே, நாளைக்கு எலும்போட அரை கிலோ கிடைக்குமா?"

சம்பந்திக்குப் போட்ட கரி

செல்வத்துக்கு தேவராஜ மார்க்கெட்டில் வாழை இலைக் கடை. கொள்ளேகால்காரர். வீட்டில் பேசுவது தமிழ், படித்தது கன்னடம். எங்கள் குழுவில் எழுத வேண்டும் என்பதற்காகவே நாற்பது வயதுக்கு மேல் தமிழ் எழுத்தைத் தானாகக் கற்றுக்கொண்டவர். எந்த ஊருக்கு எந்த பஸ், தமிழ்நாட்டு எல்லையில் பாலாறு செக்போஸ்ட்டில் வண்டியை எத்தனை மணி வரை விடுவான், யார் எதைக் கேட்டாலும் முதல் பதில் அவரிடமிருந்துதான் வரும். ஒரே ஒரு சிக்கல். கன்னடத்தில் இருப்பது ஒரு ர. தமிழில் இரண்டு.

ஆவணியில் ஒருநாள் சம்பந்தி வீட்டார் வந்துபோன சந்தோஷத்தை எழுதினார். "எல்லோருக்கும் வயிறு நிறைய கரி போட்டு அனுப்பினோம்." உடனே வந்துவிட்டார் வேதா மாமி. அக்ரஹாரத்தில் வீடு, ரயில்வே ஆபீஸில் ரிட்டயர் ஆனவர், தப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. "கரி என்றால் அடுப்புக்கரி. சம்பந்தி வீட்டார் பல் தேய்க்கவா வந்தார்கள்?" என்று போட்டார். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் செல்வத்தின் பதில் வந்தது. படித்ததும் எனக்குத் திக்கென்றது.

"கன்னடத்துல ஒரே ஒரு ர தானுங்க, சண்டையே இல்லீங்க. நான் அங்கயே இருந்துக்கறேனுங்க."

இலைக் கடையில்

போனவர் போனவர்தான். நாலு நாளில் வந்துவிடுவார் என்று நினைத்தேன், தீபாவளியே வந்துவிட்டது, அவர் வரவில்லை. டிசம்பரில் நன்றிப் பக்கத்தைத் திறந்தேன். ஒருத்தரும் எழுதவில்லை. விசாரித்தால், "செல்வத்துக்குத்தான் சொல்லணும், அவரே இல்லாத இடத்துல என்னத்தைச் சொல்றது?" என்கிறார்கள். இதற்குள் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிட்டார்கள். இந்த மனிதரைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் குழு புத்தாண்டைத் தாண்டாது.

மாமிக்குப் போன் போட்டேன். "தப்பைச் சொன்னதுக்கு யாராவது தமிழையே விடுவாளா? நான் நல்லதுதானே பண்ணினேன்?" என்றார். குரலில் பழைய ஜோர் இல்லை. சரி, அந்தப் பக்கம் நகராது என்று மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டு மார்க்கெட்டுக்கே போனேன். செல்வம் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், காபி வரவழைத்தார், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார். இத்தனை மாதமும் அவருக்கு ரோஷம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் இலையை அடுக்கிக்கொண்டே சொன்னதைக் கேட்டுக் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"கோவமெல்லாம் இல்லீங்க மேடம். எழுத உக்காந்தா சின்ன ரவா, பெரிய றவான்னே நெனப்பு ஓடுதுங்க, சொல்ல வந்தது மறந்தே போகுதுங்க."

வைகுண்டம்

மாமிக்கு அந்த வாரம் காய்ச்சல். மூன்று நாளாகக் குழுவில் ஆளைக் காணோம். யாரையும் திருத்தாமல் மாமியால் மூன்று நாள் இருக்க முடியாதே என்று எனக்கு உறுத்தல். ஒருநாள் காலையில் ஆபீஸ் பஸ்ஸில் இருந்தபடி, "மாமி எப்படி இருக்கிறார்?" என்று பொதுவில் கேட்டேன். மாமியின் மகன் ரகு பதில் போட்டான். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவன், தமிழைவிடக் கன்னடம் நன்றாக வரும். "அம்மா வைகுண்டத்துக்குப் போயாச்சு. விடியக்காலையிலேயே. எல்லாரும் விசாரிச்சதுக்கு ரொம்ப தேங்க்ஸ்." கீழே கூப்பிய கைகள் இரண்டு.

ஐயோ! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். மாமியின் நம்பரை அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். ரகு எடுக்கவில்லை. பாவம், எப்படி எடுப்பான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குள் குழுவில் கண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது. மாமியிடம் குட்டு வாங்கியவர்கள் எல்லோரும் வரிசையாக வந்தார்கள். நடுவில், அத்தனை மாதத்துக்கப்புறம், செல்வம். "மாமிக்கு ஆழ்ந்த இறங்கல். அன்னிக்கு மனசு கஷ்டப்பட்டது நெசமுங்க. ஆனா நான் எழுதறதை ஒரு எழுத்து விடாம படிச்சது மாமி ஒருத்தர்தானுங்க. இந்த வருசம் என் நன்றி மாமிக்கு. நேர்ல சொல்லாம விட்டுட்டேனுங்க." பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே அழுதேன். பக்கத்திலிருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பதினோரு மணி வாக்கில் வேதா மாமியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. 'வேதா எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று காட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஆபீஸில் பக்கத்து சீட்காரியின் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமியிடமிருந்து வந்தது இதுதான்: "இரங்கலுக்குச் சின்ன ர. நான் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. காய்ச்சல் விட்டதும் வந்து சொர்க்கவாசல் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறேன். கூட்டம் தாங்கவில்லை." அன்றைக்கு வைகுண்ட ஏகாதசி! அவர்கள் வீட்டில் சொர்க்கவாசல் சேவிக்கப் போவதற்கு 'வைகுண்டத்துக்குப் போறது' என்றுதான் பெயராம். அது எனக்கும் தெரியாது, இரங்கல் எழுதிய ஒருத்தருக்கும் தெரியாது.

எனக்கு உயிர் வந்த மறுநிமிஷமே போய்விட்டது. மறுபடியும் எல்லோர் முன்னாலும் செல்வத்தைத் திருத்திவிட்டாரே! மனிதர் ஒரேயடியாகப் போய்விடுவார், குழு முடிந்தது என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். மாமி அடுத்த வரியை எழுதினார்: "செல்வம், நீர் எழுதினதை நாலு தடவை படித்தேன். என் நன்றி உமக்கு. திரும்ப எழுத வாரும், தப்பா எழுதினாலும் பரவாயில்லை." தப்பானாலும் பரவாயில்லை என்று வேதா மாமி எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் செல்வம் எழுதினார்.

"நீங்க எத்தனை வேணாலும் திருத்துங்க மாமி, இனி போனை மட்டும் ஆஃப் பண்ணாதீங்க."

அன்று சாயங்காலத்துக்குள் நன்றிப் பக்கம் நிரம்பி வழிந்தது. சக அவதிக்காரர்களே, எங்கள் குழுவில் ஒருவருக்கொருவர் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வைக்க நடுவில் ஒரு ஆள் செத்துப்போக வேண்டியிருக்கிறது என்பதால், அடுத்த வருடத்துக்கு யார் தயார் என்று கேட்டிருக்கிறேன், இதுவரை ஒருத்தரும் கை தூக்கவில்லை.