கருகிய காப்பியும் ஷிதாயேவின் நெற்றியும்

டெஸ்ஸி நகரில் ஷிதாயே காப்பி வறுக்கும் நாளென்றால் கூப்பிடாமலே அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வறுத்த கொட்டையை வாணலியோடு ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுபோவாள். அவர்கள் அந்தப் புகையைக் கையால் முகத்துக்கு அள்ளி முகர்ந்து வாழ்த்துவார்கள்.

அன்றைக்கு வாணலியில் இருந்தது கரி. வீடு முழுக்கக் கருகல் நெடி. ஷிதாயேவோ ஒன்றுமே நடக்காததுபோல் நீட்டினாள்.

"ஏண்டி, எங்களைக் கரி மோந்து பாக்கவா உக்கார வச்சிருக்க?" என்றாள் பக்கத்து வீட்டு மாமித்தே, இருமிக்கொண்டே.

"புடிக்கலன்னா எந்திரிச்சுப் போ," என்றாள் ஷிதாயே. கணவனைத் தவிர ஒருவரையும் கடிந்து பேசியறியாதவள் அவள். பெண்கள் எழுந்து போனார்கள். வேண்டுமென்றே அவமானப்படுத்தினாள் என்று சந்தெல்லாம் பேச்சு.

அதற்குப் பிறகு அவள் குளிப்பதும் குறைந்தது. சாவு வீட்டில் சிரித்தாள். ஏதோ ஆவி பிடித்திருக்கிறது என்று கணவன் கெட்டாஹுன் அவளைப் புனித நீரூற்றுக்கு அழைத்துப்போனான். பத்து நாள் தண்ணீர் ஊற்றி ஜெபித்தார் அங்கிருந்த குருவானவர். ஒருநாள் புகை சுருளும் சாம்பிராணிக் கலசத்தை அவள் முகத்தருகே ஆட்டினார்.

"சாமி, நெருப்பு அணைஞ்சு போச்சா? வாசனையே இல்லையே," என்றாள் ஷிதாயே.

குருவானவர் கலசத்தை வைத்துவிட்டார். "கெட்டாஹுன், நாங்க ஜெபத்தை விடமாட்டோம். நீ இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. அங்கயும் ஆண்டவர் இருக்காரு."

தலைநகரில் டாக்டர் ரஹேல் ஸ்கேன் படத்தைக் காட்டினார். எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி.

"மூளையைச் சுத்தியிருக்கிற உறையில, மூக்குக்கு மேல வளந்திருக்குய்யா. மணத்தைக் கொண்டுபோற நரம்பு அந்த வழியாத்தான் போகுது, அதை நசுக்கிடுச்சு. நெத்திக்குப் பின்னால இருக்கிற மூளைதான் நமக்குப் பொறுமையும் வெக்கமும் குடுக்குது. அதையும் அழுத்துது. இது மெதுவா வளர்ற கட்டி, பெரும்பாலும் புத்துநோயா இருக்காது. ஆனா விட்டா அடுத்து கண்ணு போயிடும்."

"தலையைத் தொறந்தா அவ வேற ஆளாயிட மாட்டாளே, அம்மா?"

"இப்பவே வேற ஆளாத்தானேய்யா இருக்காங்க? திரும்பக் கூட்டிட்டு வர முடியுமான்னு பாக்கப்போறோம். ஆபத்தே இல்லன்னு பொய் சொல்லமாட்டேன்."

கெட்டாஹுன் சிலுவைக் குறி இட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டான். அறுவை எட்டு மணி நேரம் நடந்தது. அதன்பின் நாலு நாள் அவள் கண்ணைத் திறப்பாள், தூங்குவாள், அவ்வளவுதான். பிறகும் கேட்டதற்கு ஒரு வார்த்தைதான் பதில்.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை, தெம்பு வரட்டுமென்று அவன் அவித்த முட்டை வாங்கிவந்தான். ஷிதாயே தட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"ஏங்க, இன்னிக்குப் புதன் இல்ல? விரதநாள்ல முட்டையா? சட்டைப் பொத்தானைக்கூட மாத்திப் போட்டிருக்கீங்க. நான் படுத்தா வீடே இப்படியா?"

அவன் தாழ்வாரத்துக்கு ஓடிவந்து சுவரில் சாய்ந்து அழுதான். எதிரே வந்த டாக்டர் பதறிப்போனார். "என்னய்யா ஆச்சு?"

"திட்டுறா, அம்மா! என் ஷிதாயே திட்டுறா!"

டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல சகுனம்தான். ஆனா மணம் தெரியறது இனிமே திரும்பாதுய்யா. வருஷா வருஷம் ஸ்கேனும் எடுக்கணும்."

"மணம் போனா போகட்டும், அம்மா."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "அங்க என்ன பேச்சு? இந்த முட்டை ஆறுது. பக்கத்துக் கட்டில் பாத்துமா அக்காவுக்குக் குடுங்க. அவங்களுக்கு இன்னிக்கு விரதமில்ல, காலையிலருந்து யாரும் பாக்க வரவும் இல்ல."