சீல் போட்ட முதலுதவிப் பை

அந்த நீல நிற பிளாஸ்டிக் சீல் நடுவிரல் நீளம்தான் இருக்கும். வாலை அதன் காதுக்குள் நுழைத்து ஒரு இழுப்பு இழுத்தால் பூட்டிக்கொள்ளும். அப்புறம் அறுத்தால்தான் உண்டு. ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண் அச்சாகியிருக்கும். ஏற்றுமதிச் சரக்கு போகிற வண்டியை நடுவழியில் யாரும் திறக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாகக் கதவில் அதைப் போடுவார்கள். திருப்பூர் வீரபாண்டியில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் அதை முதலுதவிப் பைக்குப் போட்டவள் நான். யோசனையும் என்னுடையது, போட்ட கையும் என்னுடையது. அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

என் வேலைக்குக் கம்ப்ளையன்ஸ் என்று பெயர். நம் பனியனை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், ஆட்களை ஒழுங்காக வைத்திருக்கிறோமா என்று பார்த்து வர ஆடிட்டரை அனுப்புவார்கள். தீயணைப்பான் எங்கே, குடிதண்ணீர் எங்கே, அவசர வழி எங்கே என்று அவர் கேட்பதெல்லாம் கேட்ட இடத்தில் இருக்க வேண்டும். இருப்பதாகக் காட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். இருபது வருஷமாக அந்த ஆள் நான். ஆரம்பத்தில் அதில் ஒரு பெருமை இருந்தது. இப்போது காலையில் எழுந்து கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டும்போதே அலுப்பும் கூடவே வந்து மாட்டிக்கொள்கிறது.

கொமரலிங்கம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிவரும் கம்பெனி வேனை அண்ணாச்சி ஓட்டினார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். குடும்பத்தோடு பிழைக்க வந்து, முதலில் அயர்ன் டேபிளில் நின்று, பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். டாஷ்போர்டில் ஒரு சின்னச் சிலுவை. அதற்குப் பக்கத்திலேயே வேனில் வரும் பெண்கள் ஒட்டிய பழனி முருகன் படம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊதுபத்திதான் கொளுத்துவார். விடிவதற்கு முன்பே கிளம்பி, ஒவ்வொரு ஊரிலும் நின்று ஏற்றிக்கொண்டு, எட்டரை ஷிப்டுக்குள் கொண்டுவந்து விடுவார். பகலெல்லாம் வேனுக்குள்ளேயே கால் நீட்டிப் படுத்திருப்பார். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. யார் என்ன சொன்னாலும், “சரி மேடம், பாத்துக்கிடுதேன்” என்பதுதான் அவருடைய பதில்.

ஒரு வருஷம், ஆட்களை ஏற்றும் வண்டிகளில் ரத்தப்போக்கை நிறுத்துகிற பை ஒன்று இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் எழுதினார்கள். வாங்கினோம். சிவப்புப் பை. காயத்துக்குள் திணிக்கிற சல்லாத்துணி, அழுத்திக் கட்டுகிற அகலக் கட்டு, கையுறை, கத்தரி, அப்புறம் ஒரு பட்டை. கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டால் காயத்துக்கு மேலே அதைச் சுற்றி, அதிலிருக்கும் குச்சியைத் திருகி, ரத்தம் நிற்கும்வரை இறுக்க வேண்டும். டூர்னிக்கெட் என்று பயிற்சி கொடுக்க வந்தவர் சொன்னார்; நாங்கள் திருகுப் பட்டை என்றோம். அவர் என் கையிலேயே கட்டித் திருகிக் காட்டினார். உயிர் போகிற வலி. ‘அவசரத்துக்குத் துணியைக் கிழித்துக் கட்டினால், இழுத்தால் நீளாத துணியாகப் பாருங்கள்’ என்று அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். சூப்பர்வைசர்கள் எல்லோரும் சான்றிதழோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். டிரைவர்களை நாங்கள் கூப்பிடவில்லை. அது அவர்கள் தூங்குகிற நேரம் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

பையில் உள்ளதைப் பார்த்த அண்ணாச்சி, இருக்கிற பொருள் பயன்படத்தானே என்று நினைத்துவிட்டார். ஒரு பெண்ணுக்கு விரலில் வெட்டு, இன்னொருத்திக்குக் காலில் ஆணி குத்திய காயம்; இரண்டு முறை திறந்து சல்லாத்துணியை எடுத்துக் கட்டியிருக்கிறார். அடுத்த ஆடிட்டில் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டு சுருள் குறைந்தது. அதற்காக மேனேஜர் என்னைக் கேட்ட கேள்வியில் எனக்கு முகம் செத்துவிட்டது. அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் வேன் அருகில் இறக்கினேன். “இது சின்னக் காயத்துக்கெல்லாம் இல்லீங்க அண்ணாச்சி. இனிமே என்னைக் கேக்காம இதைத் தொறக்கக் கூடாதுங்க” என்று சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே இரண்டு ஜிப்பையும் சேர்த்து நீல சீலைப் போட்டேன். அவர் வழக்கமான பதிலைச் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து அவர் சீட்டுக்குக் கீழே மஞ்சள் துணிப்பை ஒன்றைப் பார்த்தேன். உள்ளே கட்டிங் வேஸ்டிலிருந்து பொறுக்கிய வெள்ளைப் பனியன் துணியை நீள நீளமாக வெட்டி, வெந்நீரில் அலசி, அயர்ன் செய்து அடுக்கியிருந்தார். அயர்ன் டேபிளில் நின்றவர் கை. ஓரம் பிசகாமல் இருந்தது. திருப்பூரில் பனியன் துணிதான் எல்லாவற்றுக்கும். கண்ணாடி துடைக்க அது, மெஷின் துடைக்க அது, குழந்தை மூக்குக்கும் அது, ரத்தத்துக்கும் அதுதான். இந்த ஊரில் யாருக்குக் கை வெட்டுப்பட்டாலும் முதலில் நீளுகிற கையில் பனியன் துணி இருக்கும். எனக்கும் வேறு எண்ணமே வரவில்லை. நல்ல வேலை செய்தீர்கள் என்று அவரைப் பாராட்டினேன். ஆடிட்டுக்கு ஒரு பை, ஆபத்துக்கு ஒரு பை என்று பிரச்சினை தீர்ந்தாற்போல நிம்மதியாக இருந்தது. நீளாத துணி என்று எழுதிவைத்த குறிப்பேடு என் மேசை டிராயரில்தான் கிடந்தது.

அது நடந்த அன்றும் ஆடிட். ஆறு மணிக்கே கம்பெனிக்கு வந்துவிட்டேன். ஃபோனை அலுவலகத்தில் சார்ஜில் போட்டுவிட்டு, ஒவ்வொரு மாடியாகத் தரையில் அவசர வழியைக் காட்டும் அம்புக்குறிகள் தேய்ந்த இடங்களில் புது ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது அண்ணாச்சியிடமிருந்து மூன்று மிஸ்டு கால். வண்டி பஞ்சராக இருக்கும், ஆடிட் அன்றைக்கா இப்படி ஆக வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நான் கூப்பிட்டபோது ஒரு பெண் எடுத்து, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறோம் என்றாள்.

நடந்ததை அவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். குடிமங்கலம் தாண்டி, வழக்கமாக ஆள் ஏறும் ஒரு நிறுத்தத்தில் வேன் நின்றிருக்கிறது. தைத்து வந்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங்கில் வேலை செய்யும் கொமரலிங்கத்துப் பெண் ஒருத்தி, எதிர்ப்புறக் கடையில் பிஸ்கட் வாங்கிவர இறங்கியிருக்கிறாள். கூரைத் தகரம் ஏற்றிவந்த வண்டி ஒன்று அவளை ஒட்டிப் போனது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த தகரத்தின் முனை, அவள் முழங்காலுக்குப் பின்புறம் ஆழமாக அறுத்துவிட்டது. ரத்தம் பீறிட்டது. அண்ணாச்சி பதறவில்லை. மஞ்சள் பையை எடுத்துவந்து, காயத்துக்கு மேலே பனியன் துணியைச் சுற்றிப் பலங்கொண்ட மட்டும் இழுத்து முடிந்திருக்கிறார். நின்றது போல இருந்தது. வேனில் தூக்கிப் படுக்கவைத்தார்கள். ஆனால் பனியன் துணி இழுத்தால் நீளும். அதற்காகத்தான் அதை உடம்பில் போடுகிறோம். நனைந்தால் இன்னும் நீளும். ரத்தம் மறுபடி வந்தது. மறுபடி முடிந்தார். மறுபடி வந்தது.

அப்போதுதான் எனக்கு ஃபோன் போட்டிருக்கிறார். சிவப்புப் பை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. இன்னொரு முடிச்சு, இன்னொரு முறை ஃபோன். பெண்கள் கத்தியிருக்கிறார்கள், பையைப் பிரியுங்கள் என்று. “மேடம் எடுத்திருவாக, ஒரு நிமிசம்” என்று சொன்னாராம். மூன்றாவது முறையும் மணி முழுக்க அடித்து அடங்கிய பிறகுதான் சீலில் கை வைத்தார். அறுக்கக் கத்தரி வேண்டும். கத்தரி அந்தப் பைக்குள் இருந்தது. டூல் பாக்ஸிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து அறுத்தார். திருகுப் பட்டையை அவர் அதற்கு முன் தொட்டதுகூட இல்லை. அதனோடு இருந்த அட்டையின் படத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டி, குச்சியைத் திருகினார். அவள் அலறினாள். ரத்தம் நின்றது. முதல் ஃபோனுக்கும் அதற்கும் நடுவில் பத்து நிமிஷம் இருக்கலாம் என்றார்கள்.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். பட்டை கட்டினதால்தான் உயிர் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். கூடவே, உடம்பில் இன்னும் கொஞ்சம் ரத்தம் மிச்சமிருந்திருந்தால், அறுந்த ரத்தக்குழாயைத் தைத்துக் காலையும் காப்பாற்றிப் பார்த்திருப்போம் என்றார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். வலது காலைத் தொடைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் அதெல்லாம் கேட்டது மறுநாள். அன்றைக்கு மத்தியானம் நான் செய்த வேலை வேறு. மூன்று மணிக்கு ஆடிட்டர் வண்டிகளைப் பார்க்க வருவார் என்றார்கள். ஒர்க்ஷாப்புக்குப் போயிருந்த இன்னொரு வேனின் சிவப்புப் பையை வரவழைத்தேன். அண்ணாச்சி அதற்குள் திரும்பி வந்து, டியூப் பிடித்து வேனுக்குள் கழுவிக்கொண்டிருந்தார். சட்டை மாற்றியிருந்தார், முழங்கை மடிப்பில் மட்டும் ரத்தம் காய்ந்திருந்தது. பையை அதன் இடத்தில் வைத்து சீல் போடப் போனேன். இரண்டு ஜிப்பும் ஒன்றுசேராமல் விலகி, வால் காதுக்குள் நுழையவில்லை. அவர் டியூபைக் கீழே வைத்துவிட்டு வந்து, இரண்டு ஜிப்பையும் சேர்த்து எனக்குப் பிடித்துக்கொடுத்தார். இருபது வருஷத்தில் நான் அதிகம் வெட்கப்பட்ட நிமிஷம் அதுதான்.

சீல் விழுந்த பிறகு, பையைப் பார்த்தபடியே சொன்னார்: “நீங்க ஃபோன எடுத்திருந்தா ஒடைன்னுதான் சொல்லிருப்பிய மேடம். அது எனக்கு நல்லாத் தெரியும். பெறவு எதுக்கு ஃபோனப் போட்டுக்கிட்டு இருந்தேன்னுதான் தெரிய மாட்டேங்கு.”

ஆடிட்டர் வந்தார், சீலின் எண்ணைப் பார்த்தார், டிக் அடித்தார். ஆட்களை ஏற்றும் வண்டிகளில் பையைச் சீல் போட்டு ஒன்றும் குறையாமல் வைத்திருப்பது மெச்சத்தக்கது என்று அறிக்கையில் ஒரு வரி வந்தது. மேனேஜர் அதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார். நானே ஒட்டினேன்.

அண்ணாச்சி அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட ஓட்டவில்லை. பெண்களை ஏற்றிக்கொண்டு அந்த நிறுத்தத்தைத் தாண்டும்போது கை வியர்க்கிறது என்றார். ஊரில் மகளோடு போய்த் தங்கிவிட்டார். கொமரலிங்கத்துப் பெண் செயற்கைக் காலோடு திரும்பி வந்து, செக்கிங் டேபிளில் உட்கார்ந்து பார்க்கிற வேலையில் இருக்கிறாள். தினம் என் அறையைத் தாண்டும்போது, “வணக்கமுங்க மேடம்” என்று நின்று சொல்லிவிட்டுத்தான் போவாள். கொஞ்சமும் குத்தல் இல்லாத வணக்கம். அந்தக் குத்தல் இல்லாமலிருப்பதுதான் எனக்குத் தாங்க முடியாமலிருக்கிறது.

கம்பெனி வண்டிப் பைகளின் சீலை எடுத்துவிட்டேன். குறைந்தால் குறையட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். டிரைவர்களுக்கு நானே திருகிக் காட்டுகிறேன். என் சொந்தக் காரிலும் ஒன்று இருக்கிறது. நாத்தனார் வண்டியில் ஏறும்போதெல்லாம் அதைப் பார்த்து முகம் சுளிப்பார். புது வண்டியில் ரத்தத்துக்கென்றே ஒரு பையை வைப்பது, ரத்தத்தை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல ஆகாதா என்பார். முதலில் விளக்கிச் சொன்னேன். இப்போது அந்தத் தெம்பு இல்லை. வெயிலில் கையுறை ஒட்டிப்போய்விடுகிறது. கோடைக்கு ஒருமுறை மாற்றுகிறேன். யாரையும் திருத்துவதற்காக இல்லை, மாற்றாவிட்டால் தூக்கம் வருவதில்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அண்ணாச்சி கூப்பிடுவார். முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். பேரப்பிள்ளைகளைப் பற்றி, மழையைப் பற்றி, தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். நன்றாக இருக்கிறாள் என்பேன். அப்புறமும் அவர் ஃபோனை வைக்க மாட்டார். எதற்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தோம் என்ற கேள்வியை இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறார் என்பது அதில் தெரியும். அவரிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் பயந்து, சொல்லாமலே ஃபோனை வைத்துவிடுகிறேன். உடை என்று நான் சொல்லியிருப்பேன் என அவர் நம்புகிறார். எனக்கு என்னைத் தெரியும். அன்று ஆடிட். ஃபோனை எடுத்திருந்தால், “துணியிலயே இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிப் பாருங்களேன் அண்ணாச்சி” என்றுதான் சொல்லியிருப்பேன். அவரும், “சரி மேடம், பாத்துக்கிடுதேன்” என்றிருப்பார்.