சங்கிலி போட்ட சுமைதாங்கி

எங்கள் நகர வாய்க்காலை மீட்கப் புறப்பட்டவர்களில் நானும் ஒருவன். இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் பிளாஸ்ரிக்கும் குழந்தைகளின் பம்பர்ஸும் அள்ளினோம். கரையில் மருதும் நாவலும் நட்டோம். முதல் கொக்கு வந்து நின்ற அன்று எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

கரைப்பாதையில் ஒரு சுமைதாங்கி நின்றது. இரண்டு தூண், மேலே குறுக்குக் கல். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணுக்காக நடுவது. வழிப்போக்கர் தலைச்சுமையை அதில் இறக்கி ஆறினால் அவளுடைய பாரமும் குறையும் என்பார்கள். இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் அதன் பக்கத்தில் ஒரு பலகை எழுதி நட்டேன்: 'முன்னோரின் மரபுச் சின்னம். பொருட்கள் வைக்காதீர்கள்.' சுற்றிவரச் சங்கிலி கட்டிப் பூட்டும் போட்டேன். யாருடைய கல் என்று அயலில் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. பாசி பிடித்திருந்தது, மிகப் பழையது என்று நானே முடிவுகட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, வாய்க்காலை மீட்டதற்கான விழா. பெரிய ஆட்கள் கதிரைகளில் இருந்தார்கள். நீர்வேலிப் பக்கமிருந்து அறுபது கடந்த ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். கரியரில் கட்டியிருந்த வாழைக்குலையை அவிழ்த்துத் தலையில் ஏற்றிக்கொண்டு கல்லடிக்கு வந்தார். சங்கிலியைக் கண்டு நின்றுவிட்டார்.

"அண்ணை, இதிலை வைக்கேலாது" என்றேன்.

"என்ரை மனிசிக்கு நான் வைச்ச கல்லு தம்பி. அவவுக்கு அப்ப எட்டு மாசம். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகேலாத சண்டைக் காலம். இப்ப ஆர் தலையிலை சுமக்கினம்? அதாலை வெள்ளிக்கு வெள்ளி நானே கொண்டந்து இறக்கிறனான்."

பின்னால் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

"திறப்பு ஆரிட்டை இருக்கு?" என்று கேட்டார்.

பூட்டின் சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. அத்தனை பேர் முன்னால் என் பலகையை நானே மீற வெட்கமாக இருந்தது.

"விழா முடியட்டும் அண்ணை. திறப்பு வைச்சிருக்கிறவர் வரவேணும்."

"ஓம், ஓம்" என்றார். கொஞ்ச நேரம் நின்றார். கழுத்து நடுங்கியது. பிறகு ஒரு கையால் குலையைப் பிடித்து, மறு கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு, சுமையை இறக்காமலே போனார்.

அன்று மாலையே சங்கிலியைக் கழற்றினேன். பலகையையும் பிடுங்கினேன். அடுத்த வெள்ளியும் அதற்கடுத்த வெள்ளியும் போய்க் காத்திருந்தேன். அவர் வரவில்லை. அவருடைய பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான் ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அங்கே போகிறேன். வாய்க்காலில் கொக்குகள் நிற்கின்றன. கல்லில் மூட்டையை இறக்குகிறேன். அவளுக்கு ஆறுகிறதோ தெரியாது. எனக்கு ஆறவில்லை.