ஆறு ஓட்டை கேட்ட கொத்துக்காரன்

என் மனைவியின் தம்பி ரூ லூயி-பிளாங் என்ற தெருவில், ஒரு தமிழ்க் கடையில் கொத்துரொட்டி போடுகிறவன். இரண்டு கையிலும் தகடு பிடித்து அவன் கல்லில் கொத்தத் தொடங்கினால், தெருவில் போகிற வெள்ளைக்காரனும் நின்று பார்ப்பான். அந்தக் கைக்காகத்தான் முதலாளி அவனுடைய வாயைப் பொறுத்துக்கொள்கிறார். எதிர்க்கடையில் கொத்துகிறவனை இவன் மனிதனாகவே மதிப்பதில்லை. "அவன் கொத்திறேல்லை அத்தான், கதவு தட்டிறான்" என்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இவன் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போவான். லைசென்ஸ், அனுமதிப் பத்திரம் எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன, மூளைதான் ஒழுங்கில்லை. கிளப்பில் எவனோ பெரிய குண்டு போடுகிற ரிவோல்வரைக் காட்டிவிட்டான். அன்றோடு தன்னுடையது இவனுக்கு விளையாட்டுச் சாமானாகப் போய்விட்டது. குண்டு போடும் உருளையை மாற்றி, குழலை மாற்றி, யானையைச் சுடுகிற அளவுக்கு ஆக்க வேண்டுமாம். இவன் சுடுவதோ கடதாசி. அதுவும் பாதி நாள் ஓரத்தில்தான் படும்.

"கடதாசி திருப்பிச் சுடுமெண்டு பயமோ?" என்று கடைக்குத் தேத்தண்ணி குடிக்க வருகிற ஓர் அண்ணை கேட்டார். முதலில் சிரித்தவன் நான்தான்.

சிரித்தாலும், ஆர்ஜொந்தெய் என்ற ஊரில் துவக்குத் திருத்துகிற வெள்ளைக்காரரிடம் மொழிபெயர்க்க என்னைத்தான் இழுத்துக்கொண்டு போனான். இத்தனை வருடமாகியும் இவனுடைய பிரெஞ்சு மெனு அட்டையைத் தாண்டவில்லை.

அவர் உருளையை விளக்கின் கீழே பிடித்துக் காட்டினார். ஆறு ஓட்டை. குண்டு பெருத்தால் ஓட்டையும் பெருக்க வேண்டும். ஓட்டைகளுக்கு நடுவே இருக்கிற இரும்பு மெலிந்துபோகும். இதைக் குடைய மாட்டேன், ஐந்து ஓட்டையோடு புதிதாக ஒன்று செய்து தருகிறேன் என்றார்.

"ஐஞ்சோ? கிளப் முழுக்க ஆறெண்டு சொல்லிப்போட்டன் அத்தான். இதையே குடையச் சொல்லுங்கோ."

"வெடிச்சால் விரல் போகுமாம்."

"அந்தாளுக்குப் பயம். எபினேயில லேத் வச்சிருக்கிற ஒருத்தன் இருக்கிறான். அவன் ஒண்டும் கேக்காமல் செய்வான்."

என்ன சொல்கிறார் என்று வெள்ளைக்காரர் கேட்டார். யோசிக்கிறார் என்றேன். இவனும் யோசனையும்!

"அக்கா கேட்டால் அழுவா, மச்சான்."

"அக்கா சீரியலுக்கும் அழுவா."

உருளையைத் துணியில் சுற்றி ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டான். போகிற இடம் எபினேதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புத்தி சொல்லிப் பயனில்லை.

"சரி, போ. விரல் போனால் முதலாளி கடையைப் பூட்டவோ போறார்? எதிர்க்கடைக் கதவுதட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து உன்ர கல்லில விடுவார்."

கதவுப் பிடியில் வைத்த கையை எடுத்தான். அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு துணி மூட்டையை மேசையில் திரும்ப வைத்தான்.

"ஐஞ்செண்டே சொல்லுங்கோ."

விரல் போகும் என்பதற்கு அசையாதவன், அக்கா அழுவாள் என்பதற்கு அசையாதவன், அடுத்தவன் தன் கல்லில் நிற்பான் என்றதும் அசைந்தான். இதையும் மொழிபெயர்த்திருப்பேன், வெட்கமாக இருந்தது.

போன கிழமை கடைக்குப் போனபோது, தேத்தண்ணி அண்ணையிடம் தகட்டை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஆறெல்லாம் பழக்கமில்லாத ஆக்களுக்கு அண்ணை. அந்த வெள்ளைக்காரனுக்கே ஐஞ்சு போடச் சொல்லிக் குடுத்தது நான்தான்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் கொத்துக்குள் முட்டையைத் தேடினேன். அவனுடைய இரண்டு கையும் ஓயாமல் கொத்திக்கொண்டிருந்தன, வாயும்தான்.