முதல் தடவை அடித்ததே பாட்டு

இடி என்ற பட்டப்பெயர் அவருக்கு டிரம்ஸ் வாசித்ததால் வந்தது. வயிற்றுப்பாட்டுக்கு அவர் முப்பத்தொரு ஆண்டு லிஃப்ட் மெக்கானிக். மாடி உச்சியில், மோட்டார் அறைகளில் கழிந்த வேலை. அந்த இரைச்சலில் இடது காது போய்விட்டது. வலது காதில் கால்வாசி மிச்சம். இது அவர் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும்.

இளவயதில் இசைக்குழுவில் அவரோடு இருவர். பாடுகிறவனுக்குப் பாஸ்டர் என்று பெயர். எந்தச் சபையும் அவனைப் போதகராக வைத்துக்கொண்டதில்லை. பேஸ் கிட்டார்காரன் குச்சி, இப்போது தொண்ணூற்றாறு கிலோ. பங்க் என்ற முரட்டு ராக் இசையில் தொண்டை கிழிய இயேசுவைப் பாடினார்கள். சபைக்காரர்கள் பேய்க்கூச்சல் என்றார்கள். மதுக்கடைக்காரர்கள் பிரசங்கம் என்றார்கள். நான்கு ஆல்பங்களோடு கலைந்தார்கள்.

பாட்டுப் பதிவில் அவர்களுக்கு ஒரு நியமம் உண்டு. கைகோத்து ஒரு நிமிடம் ஜெபம். பிறகு மூவரும் ஒரே அறையில் ஒரே தடவை வாசிப்பார்கள். முதல் தடவை வந்ததே காணிக்கை. திருத்தம் கிடையாது. இடி கண்ணை மூடிக்கொண்டுதான் அடிப்பார்.

பத்தொன்பது ஆண்டு கழித்துப் பாஸ்டர் கூப்பிட்டான். புது ஆல்பம், பதினோரு பாட்டு.

"காதைப் பத்திச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

"சொன்னா டிரம் மெஷினை வச்சு அடிச்சுடுவானுங்க. எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லு?"

பதிவு அறையில் குச்சியின் ஸ்பீக்கரைத் தன் முக்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டார். பேஸ் ஒலியில் தரை அதிர்வதை வைத்தே ஆறு பாட்டு சரியாக வந்தது.

"கிழவன் இன்னும் இடிதான்டா!" என்றான் குச்சி.

ஏழாவது பாட்டில் எட்டுத் தாளச் சுற்றுக்குப் பேஸ் நிற்கும். குரலும் டிரம்ஸும் மட்டும். அங்கே பாஸ்டரின் தொண்டை அடைத்துக்கொண்டது. பாடுவதை நிறுத்திவிட்டான். இடிக்கு அது தெரியவில்லை. தரை மறுபடி அதிரட்டும் என்று கண்ணை மூடியபடி அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. பதிவில் எல்லாம் இருக்கிறது. "நிறுத்துடா" மூன்று தடவை, "டேய் இடி" இரண்டு தடவை.

குச்சி தோளைத் தொட்டதும் கண் திறந்தார்.

"எத்தனை நாளா?" என்றான் பாஸ்டர், அவர் முகத்துக்கு நேரே வந்து.

"முதல் தடவை வந்தது வந்ததுதான்டா. நம்ம நியமம்."

"அது மூணு பேருக்கும் காது கேட்டப்போ வச்சதுடா, மச்சான்."

அன்று அதற்குப் பிறகு யாரும் ஜெபத்துக்குக் கை நீட்டவில்லை. ஏழாவது பாட்டை மெஷினோடு திரும்பப் பாடினார்கள். மிச்சம் நான்கிலும் மெஷின்தான். இடி டிரம்ஸ் குச்சிகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் வீடு திரும்பினார்.

பதினான்கு வாரம் கழித்து ஆல்பம் தபாலில் வந்தது. உறையில் மூன்று பேர் படமும் இருந்தது. மனைவி அதைப் போட்டுவிட்டாள். ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்தார். எத்தனையாவது பாட்டு என்று அறிய, பாட்டுக்குப் பாட்டு இடைவெளியை விரல்விட்டு எண்ணப் பார்த்தார். நடுவில் எங்கோ கணக்குத் தப்பிவிட்டது. அதிர்வு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது.

"இது நானா?" என்று கேட்டார்.

ஒன்பதாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மனைவி அவர் பார்வைக்கு நேராக வந்து, உதடு தெளிவாகத் தெரியும்படி சொன்னாள்:

"நீங்கதான்."

அவர் கையை எடுக்கவில்லை.